ஆச்சி வீட்டு உப்புக்கண்டமும் நியூயார்க் சாப்பாட்டுக் கடையும்

பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்கா போய்வருகிற ஆச்சிமார் நம் காரைக்குடிப் பக்கம் இப்போது நிறையப் பேர். நியூயார்க்கில் இறங்கினால் போதும், "அயித்தை, காட்ஸ் கடைக்குப் போவோமா?" என்று மாப்பிள்ளை கூப்பிடுவார். அங்கே நாம் என்ன சாப்பிடுவது? வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு எதைக் கொடுக்கலாம்? தெரிந்துகொண்டு போவது நல்லதுதானே!

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூத மக்கள் தொடங்கிய சாப்பாட்டுக் கடைகளுக்கு 'டெலி' என்று பேர். காட்ஸ் கடை 1888-ல் தொடங்கியது. உள்ளே நுழையும்போதே ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். வாங்குவதை எல்லாம் அதில் குறிப்பார்கள். வெளியே வரும்போது காசு. சீட்டைத் தொலைத்தால் தண்டம்தான், பத்திரம்!

அங்கே பேர்போனது பாஸ்ட்ரமி. மாட்டிறைச்சியை உப்பில் ஊறவைத்து, மிளகும் மல்லியும் தடவிப் புகைபோட்டு, ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். நம் உப்புக்கண்டம் ஞாபகம் வருகிறதா? நாம் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து வெயிலில் காயவைக்கிறோம். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் கறி கெடாமலிருக்க இரண்டு ஊர்ப் பெண்களும் கண்ட வழி உப்புதான்.

மாட்டிறைச்சி ஆகாதவர்கள் கோழி சூப் வாங்கலாம். மாவு உருண்டை மிதக்கும். காரமே இருக்காது, குழந்தைக்கும் ஏற்றது. கறியே வேண்டாம் என்றால் 'லட்கே' என்ற உருளைக்கிழங்கு அடை இருக்கிறது. அதில் முட்டை சேர்ப்பது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரொட்டி வாங்கினால் இரண்டு பேர் பசியாறலாம்.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. துண்டு போட்டுக் குளிரவைத்த இறைச்சியில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது வளரும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும்; கருவையோ கலைத்துவிடக்கூடும். அதனால் ஆவி பறக்க, 74 டிகிரி செல்சியஸ் வரை சூடுபண்ணியே சாப்பிடச் சொல்கிறார்கள் அமெரிக்க டாக்டர்கள். "ஆசைப்படுகிறாளே" என்று ஆறினதைக் கொடுத்துவிடாதீர்கள். சூடாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

உப்பிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குப் பாஸ்ட்ரமியும் உப்புக்கண்டமும் ஒன்றுதான். ருசி பார்க்க ஒரு துண்டு, அவ்வளவே.

இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் படையில் இருந்தார்கள். படையிலுள்ள பிள்ளைக்கு 'சலாமி' என்ற உலர்ந்த இறைச்சியை அனுப்புங்கள் என்று அப்போது கடையில் எழுதி வைத்தார்கள். செட்டிநாட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் வற்றலும் வடகமும் கட்டிக் கொடுத்ததும் அதே மனசுதானே?

இந்தக் கோடையில் வற்றல் போடும்போது, தூரத்திலிருக்கிற பெண்ணுக்கென்று ஒரு பிடி கூடப் போட்டு வையுங்கள். உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்து!