ஊசி போட்ட கை ஏன் நடுங்கவில்லை?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஹைடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டாக்டராக இருந்தவன் ஹரால்டு ஷிப்மன். தாடி வைத்தவன், கண்ணாடி போட்டவன். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவான். வயதான பெண்களுக்கு அவன் மேல் அத்தனை நம்பிக்கை!

அவன் 215 பேரைக் கொன்றான் என்று, விசாரணை நடத்திய நீதிபதி ஜேனட் ஸ்மித் 2002-ம் ஆண்டில் அறிவித்தார். அவர்களில் 171 பேர் பெண்கள்.

ஏன் கொன்றான்?

பலரும் ஒரு கதை சொல்கிறார்கள். 1963-ம் ஆண்டில் ஷிப்மனின் தாய் புற்றுநோயால் இறந்தாள். அப்போது அவனுக்கு வயது 17. தாய் வலியால் துடிக்கும்போது டாக்டர் வந்து மார்பியா ஊசி போடுவார். வலி அடங்கும். பையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியைத்தான் பிறகு மற்றவர்களிடம் நடத்திப் பார்த்தானாம்.

சினிமாவுக்குப் பொருத்தமான கதைதான்! தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிள்ளைகள் உலகத்தில் எத்தனை லட்சம் பேர்? அவர்கள் எல்லாம் ஊசியைத் தூக்கிக்கொண்டா கிளம்பினார்கள்?

பணத்துக்காகக் கொன்றான் என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான கொலைகளில் அவனுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

அவன் மனதில் இருந்த காரணம் அவனோடு போய்விட்டது. ஆனால் துணிச்சல் எப்படி வளர்ந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதை ஊட்டி வளர்த்தவர்கள் சுற்றி இருந்தவர்களே என்பேன்.

யாரும் கேட்கவில்லை

முதல் கொலை 1975-ம் ஆண்டில் நடந்தது. மறு ஆண்டே அவன் வேறொரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டான். பெத்திடின் என்ற போதை மருந்துக்கு அடிமையாகி, அதற்காகப் பொய்ச் சீட்டு எழுதியிருந்தான். கோர்ட்டில் 600 பவுன் அபராதம் போட்டார்கள். டாக்டர் தொழிலை மட்டும் பறிக்கவில்லை! 1977-ல் ஹைடுக்கு வந்தான். 1992-ல் தனி ஆஸ்பத்திரி வைத்தான். கூட வேறு டாக்டர் இல்லை. 1997-ம் ஆண்டில் மட்டும் 37 பேரைக் கொன்றான்.

அவன் போவது பெரும்பாலும் பிற்பகலில். வீட்டில் கிழவி தனியாக இருப்பாள். ஊசி போடுவான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உடுத்திய உடையோடு செத்திருப்பாள். "முதுமையால் மரணம்" என்றோ, "மாரடைப்பு" என்றோ எழுதிவிடுவான். பிரேதப் பரிசோதனை தேவை இல்லை என்பான். உறவினர்கள் தலையாட்டினார்கள். பிணத்தை எரிக்க அப்போது இன்னொரு டாக்டரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அதுவும் கிடைத்தது.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரு டாக்சி டிரைவர், தம் வண்டியில் வழக்கமாக ஏறும் பாட்டிமார் ஒவ்வொருவராக மறைவதைக் கவனித்தார். ஆனால் டாக்டர் மேல் டிரைவர் புகார் கொடுத்தால் யார் நம்புவார்கள்? 1998-ம் ஆண்டு மார்ச்சில், பக்கத்து ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் ஒருவர் மரண விசாரணை அதிகாரியிடம் துணிந்து சொன்னார். போலீசார் விசாரித்தார்கள். அவன் பழைய குற்றவாளி என்பதைக்கூடப் பார்க்கவில்லை! ஏப்ரலில் விசாரணையை மூடினார்கள். அதன் பிறகு மேலும் 3 பேரைக் கொன்றான்.

பொய் உயில்

அந்த 3 பேரில் கடைசியானவர் 81 வயதுச் சீமாட்டி. அவருடைய சொத்து முழுவதும் டாக்டருக்கே என்று ஓர் உயில் வந்தது. தாறுமாறாக டைப் அடித்த உயில். சீமாட்டியின் மகளோ ஒரு வக்கீல்! பார்த்ததுமே பொய் என்று கண்டுகொண்டார்.

பிடிபட வேண்டும் என்றே அப்படிச் செய்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 23 வருஷமாக அவன் எழுதியதை எல்லாம் உலகம் ஒப்புக்கொண்டது. இதையும் ஒப்புக்கொள்ளும் என்று நினைத்திருப்பான்.

புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். அதில் மார்பியா இருந்தது. 2000-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி, 15 கொலைகளுக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கடைசி வரை அவன் வாயைத் திறக்கவில்லை. 2004-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். மறுநாள் அவனுக்கு 58-வது பிறந்த நாள்.