கைமாறும் கிளிகள்

சொன்னதையே சொல்வாரைக் கிளிப்பிள்ளை என்று எள்ளுதல் நம் நாட்டு வழக்கு. பொருளுணராது பாடம் ஒப்பிக்கும் மாணவர்க்கும் அப்பெயரே கிடைக்கின்றது. ஆயினும், ஓர் இல்லத்தில் வளர்ந்து மற்றோர் இல்லத்திற்கு வந்த கிளியை ஊன்றி நோக்குவார், அது பொருளின்றிச் செய்வன மிகச் சிலவே என்பதை உணர்வர். புழல், மாதவரம் முதலிய இடங்களில் அயல்நாட்டுக் கிளி வளர்ப்பார் உளர். வேலை மாற்றத்தாலோ வீட்டின் நெருக்கத்தாலோ அவை கைமாறுகின்றன. சின்னாளில், ‘இது கெட்ட கிளி’ என்னும் பழி எழுகின்றது. அப்பழி தகாது என்பதே எம் துணிபு.

கிளி கூட்டமாய் வாழும் பறவை. விடியலிலும் அந்தியிலும் கூவி இனத்தை அழைத்தல் அதன் பிறவிக் குணம். புது மனையில் அது எழுப்பும் கூச்சலும் அத்தகைய அழைப்பே. மெல்லச் சீழ்க்கையடித்து விடை தருதல் நன்று. உரத்த அதட்டலோ அதற்குப் பரிசாகிக் கூச்சலை வளர்க்கும். தலையை மேலும் கீழும் ஆட்டி, விரும்பியவர் முன் உண்டதைக் கக்குமாயின், அது துணைக்கு ஊட்டும் அன்பு. சோர்ந்திருந்து கக்குமாயின் நோய். உறங்குமுன் அலகை அரைத்தல் மனநிறைவின் குறி. கண்மணி விரைந்து சுருங்கி விரியுங்கால் அது கிளர்ச்சியுற்றிருக்கின்றது. அப்போது கை நீட்டுவார் கடிபடுவர்.

இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளுதல் இவையனைத்தினும் கொடிது. நோயும் அதற்குக் காரணமாகலாம்; ஆதலின் முதற்கண் கால்நடை மருத்துவரை நாடுக. 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே உளது. நோயின்றேல் வெறுமையே காரணமாதல் கூடும். காட்டில் பகலின் பெரும்பகுதியை இரை தேடிக் கழிக்கும் பறவை, கூண்டில் சில நிமிடங்களில் உண்டு முடித்து நாள் முழுதும் வாளா இருக்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், தேடி உண்ணும் வாய்ப்பும் விளையாட்டுப் பொருளும் தரப்பெற்ற கிளிகளிடம் இறகு பிடுங்கல் குறைந்ததென ஆராய்ந்து கண்டனர். தேங்காய் மட்டையில் தானியத்தை ஒளித்து வைத்தல் எவர்க்கும் இயலும்.

அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, 2007இல் இறக்குமுன், நிறமும் வடிவும் எண்ணும் அறிந்து கூறியது. அத்தகைய அறிவுடைய இனம் பழைய இல்லத்தை ஒரு நாளில் மறந்துவிடுமோ? முன்னிருந்தோரின் இருமலையும் தொலைபேசி மணியையும் அது மீண்டும் ஒலிப்பதில் வியப்பென்னை?

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்த்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அதனை எவரேனும் தர முன்வரின் ஏற்றலாகாது. முன்னரே கைப்பட்டதாயின் வனத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். கைவளர்ந்த பறவையைத் திடீரென வெளியே பறக்கவிடுதலும் அருளன்று. இரை தேட அறியாது அது மடியக்கூடும்.

அயல்நாட்டுக் கிளிகளுள் பலவற்றைப் பதிவு செய்யுமாறு 2024ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. அப்பதிவால் உடையவர் யாவரென்பது தெரியும். பறவையின் உள்ளம் தெரியாது. ஆதலின், கிளியைத் தருவோர் அது உண்பது, உறங்கும் வேளை, அஞ்சும் பொருள், விடையிறுக்கும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூண்டுடன் தருக. பெறுவோர் திங்கள் சில பொறுத்திருந்து பின்னரே அதன் குணத்தை மதிப்பிடுக. பேசத் தெரிந்தும் தன் வரலாற்றைத் தானே உரைக்கவியலாத உயிருக்கு, அதனை அறிந்தவர் உரைத்தலே கடனாகும்.