நடுராத்திரியில் வந்தாலும் கூத்து புரியும்... சினிமா புரியுமா?

திருவண்ணாமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படிக்கும் பையன், ‘‘படத்துக்குப் போலாமாப்பா?’’ என்கிறான். என்ன படம் என்றால், ‘‘டீமன் ஸ்லேயர். ஜப்பான் அனிமேப்பா. தமிழ்லயே பேசுவாங்க!’’ என்று ஆசை காட்டுகிறான். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போய் உட்காருகிறார்கள். பத்தாவது நிமிடத்திலேயே தாத்தாவுக்குச் சந்தேகம். ‘‘யாருடா இவன்? எதுக்குடா இப்படி விழறான்?’’ பையன், ‘‘ஷ்ஷ்... அதெல்லாம் சீரியல்லயே வந்துடுச்சு தாத்தா’’ என்கிறான்.

அந்த ஒரு பதிலில்தான் சிக்கலே இருக்கிறது.

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பர் 12-ம் தேதி இந்தியாவில் வெளியானது. தமிழ் டப்பிங்கிலும் வந்தது. இது தனிப்படம் இல்லை. 2019-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் நேரடித் தொடர்ச்சி. அதுவரை ஒளிபரப்பான எபிசோடுகள் மொத்தம் 63. ஆம், அண்ணாமலையார் ஊர்க்காரர்களுக்கு மறக்கவே முடியாத எண்! எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும். படம் மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அதுவும் மூன்று பாகங்களில் முதல் பாகம்தான்.

அடிப்படைக் கதை சுலபம். கரி விற்றுப் பிழைக்கும் மலைக்கிராமத்துப் பையன் டஞ்சிரோ. ஒருநாள் வீடு திரும்பினால், குடும்பத்தையே அரக்கன் கொன்றுபோட்டிருக்கிறான். உயிர் பிழைத்த ஒரே தங்கை நெசுகோவும் அரக்கியாக மாறிவிட்டாள். அவளை மறுபடி மனுஷியாக்கத்தான் அவன் வாள் எடுக்கிறான். அண்ணன் - தங்கை பாசம் தமிழ்நாட்டுக்குப் புதுசா என்ன?

ஆனால், படம் இதை எடுத்துச் சொல்வதில்லை. முன்கதைச் சுருக்கம் கிடையாது. அரக்கர் தலைவன் முசானின் முடிவில்லாத கோட்டைக்குள் எல்லோரும் விழுகிறார்கள். சண்டை ஆரம்பமாகிவிடுகிறது. யார் யாருக்கு என்ன பகை என்று தெரியாதவருக்கு அது வெறும் வாள் வீச்சு. உதாரணமாக, அகாசா என்ற அரக்கனைக் கண்டதும் டஞ்சிரோ ஏன் அப்படிக் கொதிக்கிறான்? 2020-ல் வந்த ‘முகன் ட்ரெயின்’ படத்தில் ரெங்கோகு என்ற வீரனைக் கொன்றவன் அவன்தான். அதைப் பார்த்துக் கலங்கிய பேரனுக்கு இது ஐந்து வருடக் கணக்கு. தாத்தாவுக்கோ, அவன் நீல நிறத்தில் கோடு போட்ட இன்னொரு ஆள்.

அப்படியானால் புதியவருக்கு இந்தப் படம் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. படத்தின் பிற்பகுதியில் அதே அகாசாவின் பழைய வாழ்க்கை விரிகிறது. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடிய ஏழைச் சிறுவன் எப்படி அரக்கன் ஆனான் என்ற கதை. அதைப் புரிந்துகொள்ள 63 எபிசோடில் ஒன்றுகூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ‘எதுக்குடா விழறான்’ என்று கேட்ட தாத்தாவே அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. நாள் கணக்கில் ஓடும் ‘மெகா தொடர்’ அது. எல்லா ராத்திரியும் எல்லோராலும் வர முடியுமா? வெளியூர் மாப்பிள்ளை படுகளத்தன்றுதான் வருவார். அவருக்காகவே இருப்பவர்போல கட்டியங்காரன் இருக்கிறார். திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்தைப் பார்த்து, ‘யார் நீங்க, எங்கிருந்து வர்றீங்க?’ என்று நமக்குப் பதிலாகக் கேட்பார். வேஷக்காரர் தன் பேர், ஊர், குலம், வந்த காரியம் எல்லாவற்றையும் பாடிச் சொல்லுவார். அப்புறம்தான் கதை நகரும். நடுராத்திரியில் வந்து பாயை விரித்தவருக்கும் துரியோதனன் யார் என்று தெரிந்துவிடும்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்கு மேலே ‘முன்கதைச் சுருக்கம்’ போட்டதும் இதற்காகத்தான். ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ 2022-ல் திரைக்கு வந்தபோது, நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கமல்ஹாசனின் குரல் தொடக்கத்தில் கட்டியம் கூறியது.

நகைச்சுவைத் தொடர் என்றால் பிரச்னை இன்னும் குறைவு. 2002-ல் ஆரம்பித்த ‘கிச்சடி’ என்ற இந்தித் தொடர் 2010-ல் படமானது. அசட்டுக் குடும்பம் ஒன்று என்று புரிய ஒரு காட்சி போதும். பாசமும் பழியும் சேர்த்துவைத்த கதைக்குத்தான் முன்கதை வேண்டும்.

ஆக, வீட்டில் யாராவது இப்படி ஒரு படத்துக்கு அழைத்தால் மறுக்க வேண்டாம். 63 எபிசோடையும் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் எபிசோடு, ‘முகன் ட்ரெயின்’ படம், தொடரின் கடைசி எபிசோடு... இந்த மூன்றும் போதும். ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கார்ட்டூன்தானே என்று சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். தலை துண்டாகும் காட்சிகள் நிறைய. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் இதைப் பார்க்க முடியும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா ‘யாருடா இவன்?’ என்று கேட்டால் ‘ஷ்ஷ்’ சொல்லாதீர்கள். தியேட்டருக்குப் போகும் வழியிலேயே, பஸ்ஸிலோ பைக்கிலோ, கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள். படம் கட்டியங்காரனை வைக்க மறந்தால் என்ன? அந்த வேஷத்தை நீங்கள் கட்டுங்கள். திரும்பி வரும்போது, ‘இதே மாதிரிதான்டா அர்ஜுனன் தபசுல...’ என்று தாத்தா தன் தொடரை ஆரம்பிப்பார். அதற்கு முன்கதை தெரியாமல் உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்கும்.