உன் தொழில்ல நான் மூக்கை நுழைக்கிறனா?

'வகுப்பறை என்பது கருவறை. அங்கே ஆசிரியரைத் தவிர வேறு எவருக்கும் அதிகாரமில்லை.' சென்ற ஆண்டு ஓர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேடையிலிருந்து ஒருவர் இப்படி முழங்கியபோது மண்டபமே கை தட்டியது. தாயின் வயிற்றை மனதில் வைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். நம் காதில் அந்தச் சொல் அப்படி விழுவதில்லை. எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று இங்கே சட்டம் வந்தது 1970-ல். பயிற்சி முடித்த இருபது சொச்சம் பேர் கையில் ஒன்றாகப் பணி ஆணை கிடைக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று. நடுவிலே ஐம்பது வருசம் நீதிமன்றத்தில் எதைப் பேசினார்கள்? எங்கள் தொழிலின் விதி எங்களுக்குத்தான் தெரியும், வெளியாள் நுழையக் கூடாது என்பதைத்தான். ஆகமம் என்று அதற்குப் பேர். தொழில் சுயாட்சி என்ற முழக்கம் எழுந்தபோது எனக்குக் கை தட்ட வராமல் போனதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு எதிராக எழுதுகிறான் என்று தோழர்கள் அவசரப்பட வேண்டாம். நானும் 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கப்பட்ட தற்காலிகத் தமிழாசிரியன். அப்போது மாதம் 10,000 ரூபாய். எம்.ஏ., பி.எட். படித்தவனின் கூலி அது. காலையில் பாடம் நடத்தப் போனால் முதலில் செல்போனை எடுத்துச் செயலியில் வருகையைப் பதிவு செய், பிறகு அந்த விவரம், இந்தப் புள்ளி என்று அரைநாள் போய்விடும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. யார் கேட்கிறார்கள்? 2003-ல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பிய மாநிலம் இது. ஆகவே ஆசிரியனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சுதந்திரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது, யாரைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது என்பதில்தான் சண்டை.

எங்கப்பா பறையடிப்பவர். ஊருக்குள் அதைத் தொழில் என்று சொல்ல மாட்டார்கள், 'கடமை' என்பார்கள். மூன்று மரத்துண்டுகளை இணைத்து வளையம் செய்வார். கன்றுத் தோலைப் பதம் பார்த்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டுவார். எவ்வளவு இழுத்தால் தோல் நிற்கும், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டும்போது தட்டிப் பார்த்து, 'இன்னும் ஏறல' என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடிக்குச்சி ஒரு கையில், சிண்டுக்குச்சி மறு கையில். சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி. ஒரு வித்தையில் தேர்ச்சி என்பது இதற்கு மேல் என்ன?

ஆனால் எப்போது அடிப்பது, எத்தனை நேரம் அடிப்பது, எங்கே நின்று அடிப்பது, என்ன கூலி, எல்லாம் ஊர் முடிவு. ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வந்து தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால் எழுந்து போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. வித்தை அவருடையது, கை அவருடையது, மேளம்கூட அவர் செய்தது. 'மாட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் அவருடையது இல்லை.

1998-ல் அந்தச் சொல்லை எங்கள் தெருவே சேர்ந்து சொன்னது. இனிமேல் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம். மறுநாளே களை பறிக்கக் கூப்பிடுவது நின்றது. கடையில் எண்ணெய் தர மாட்டேன் என்றார்கள். வரப்பு வழி அடைபட்டது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வாத்தியார் ஊர்த்தெருக்காரர். எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார், 'உங்கப்பன் மேளத்தக் கீழ வச்சிட்டானாமே? அப்ப நீ தொடப்பத்தக் கையில எடு.' அன்றிலிருந்து காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் கக்கூசு கழுவினோம். மற்றவர்கள் வாய்ப்பாடு சொன்னார்கள். எங்கள் காதில் ஏழாம் வாய்ப்பாடு பினாயில் நாற்றத்தோடுதான் ஏறியது.

அப்பா வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். 'சார், புள்ளைங்க படிக்கத்தான வருது' என்றார். அதற்கு வாத்தியார் சொன்னதை நான் மறக்கவே இல்லை. 'என் கிளாசுல யாரு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்டா. உன் தொழில்ல நான் வந்து மூக்கை நுழைக்கிறனா?'

ஊரே மூக்கை நுழைத்த தொழில்! அதற்காகத்தானே பிள்ளை துடைப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறான்!

தொழில் சுயாட்சி என்பதை முதன்முதலாக நான் கேட்டது அந்த வாசலில்தான். பின்னால் எம்.ஏ. படிக்கும்போது 1966-ல் ஐ.எல்.ஓ.வும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆசிரியர்களின் தகுநிலை பற்றிக் கொண்டுவந்த பரிந்துரையைப் படித்தேன். நல்ல ஆவணம். பாடப்பொருளைத் தேர்வதில், கற்பிக்கும் முறையில் ஆசிரியரின் அறிவுக்கு இடம் வேண்டும் என்கிறது. பெற்றோரின் நியாயமற்ற தலையீட்டிலிருந்து ஆசிரியரைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எந்தப் பெற்றோர்? 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டார்களே, அவர்களும் பெற்றோர்தான். அவர்கள் தலையிட்டவுடன் அந்த அம்மாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெற்றோர் பள்ளிக்குள் வந்தால் அது மரியாதை, நாற்காலி போடுவார்கள். சேரிப் பெற்றோர் வாசலில் நின்றால் அது தலையீடு.

பழைய கதை என்று ஒதுக்குகிறவர்கள் 2022 டிசம்பரைப் பார்க்கட்டும். ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அதை வெளியே கொண்டு வந்தது எந்த ஆய்வு அதிகாரி? ஒரு பையனுக்கு டெங்கு வந்து, அவன் தாய் துருவிக் கேட்டதால் வெளியே வந்தது.

அதனால் மேலிருந்து கண்காணித்தால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கள் பள்ளிக்கும் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார், சோடா குடித்தார், போனார். நான் ஆசிரியனாக நிரப்பிய படிவங்களில் கழிப்பறை எத்தனை என்ற கேள்வி இருந்தது. யார் கையால் கழுவப்படுகிறது என்ற கேள்வியைப் பார்க்கவில்லை.

2007-ல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார வேண்டும். 'அட்டை எங்களை ஆளுது, எங்க சுதந்திரம் போச்சு' என்று அன்று பலர் புலம்பினார்கள். பாதி உண்மை. ஆசிரியர்களைக் கேட்டுச் செய்யவில்லை, உத்தரவாகவே இறக்கினார்கள். ஆனால் என் அக்கா மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை ஏது? அவளுக்குக் கடைசி பெஞ்சு என்றால் என்னவென்றே தெரியாமல் இரண்டு வருசம் போனது. உத்தரவில் வந்தது பின்னால் உத்தரவிலேயே போய்விட்டது. அந்த வட்டத்தை ஆசிரியர்கள் தங்கள் சொந்த உரிமையாக எடுத்துக்கொண்டிருந்தால் எந்த அதிகாரியும் அதைக் கலைத்திருக்க முடியாது. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வட்டத்தை வைத்துக்கொள்ள எந்தச் சட்டம் தடுத்தது?

1953-ல் ராஜாஜியின் திட்டம் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்து 1954-ல் ஒழித்துக்கட்டினோம். தொழிலுக்கு மரியாதை தருகிறோம் என்பதுதான் அவர்கள் வாதம். எங்கப்பாவிடம் நான் மூன்று மணி நேரம் கற்றுக்கொள்ள முடிந்தது வித்தையை. ஊரின் குரலுக்கு எழுந்து ஓடுவதையும் அதோடு சேர்த்துத்தானே கற்றிருப்பேன்.

மின்வாரியத் தொழிலாளி லைன் கிளியர் வாங்காமல் கம்பம் ஏற மாட்டேன் என்று சொல்லலாம். டாக்டர் இந்த நோயாளிக்கு இப்போது கத்தி வைக்க முடியாது என்று சொல்லலாம். சாக்கடைக் குழியைப் பற்றி ஊரிலேயே அதிகம் அறிந்தவன் அதில் இறங்குகிறவன்தான். உள்ளே விஷவாயு இருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். இறங்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். செத்தால் 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் 30 லட்சம் ஆக்கியது. பிணத்தின் விலை ஏறியிருக்கிறது. சுயாட்சி பேசும் சங்கங்கள் இவனைத் தொழில் தெரிந்தவன் கணக்கில் சேர்ப்பார்களா?

கூட்டத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே கல்வி அதிகாரிகளாக, தலைமை ஆசிரியர்களாகப் போடக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஒருவர் எழுந்து, 'ஆசிரியனுக்கு ஏதுங்க சாதி?' என்றார். மறுபடியும் கைதட்டல். எனக்கு எங்கள் வாத்தியார் முகம்தான் தெரிந்தது.

தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கும்படி எழுந்து கேட்டேன். 'சேரிப் பெற்றோர் பள்ளிக்கு வந்து கேள்வி கேட்டால் அவர்களை உட்கார வைத்துப் பதில் சொல்வது ஆசிரியரின் தொழில்சார் கடமை.' தலைவர் சிரித்தார். 'தம்பி, உணர்ச்சிவசப்படாதீங்க, அதத் தனியாப் பேசிக்கலாம்' என்றார். ஓட்டுக்கு விட்டார்கள். நான் கை தூக்கவில்லை.

அச்சடித்த சுற்றறிக்கை தபாலில் வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல்லை அடித்து, விட்டுப்போன வரியை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.