பேழைக்குத் தடை, வாசலுக்குத் தடையில்லை

சனிக்கிழமை காலை வந்திறங்கி ஞாயிறு மாலை திரும்பிவிடும் பயணிக்குப் புதுச்சேரி என்பது பெரும்பாலும் கடற்கரைச் சாலை, அதற்கு இணையாக ஓடும் நான்கைந்து வீதிகள், பாரதி பூங்கா, அதன் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. கைப்பேசியே கேமராவாகிவிட்ட காலத்தில் இப்பயணத்தின் பெரும்பகுதி படமெடுப்பதில் கழிகிறது என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பொதுப் பணத்தில் பொதுமக்களுக்காகப் பேணப்படும் அரும்பொருள்களின் முன் கேமராவை உறையிலிடச் சொல்லும் அதே நகரம், நடந்தே செல்லக்கூடிய தொலைவில் வடக்கே அமைந்த குருசுக்குப்பத்தில், தன் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்ணை எவரும் கேளாமல் படமெடுத்துச் செல்வதைக் கண்டுகொள்வதில்லை. தேவையற்ற இடத்தில் இசைவு மறுக்கப்படுகிறது, தேவையான இடத்தில் அது கேட்கப்படுவதே இல்லை. இந்த ஒழுங்கைப் புதுச்சேரி அரசும் நகராட்சியும் மாற்றியமைக்க வேண்டும்.

செயின்ட் லூயி வீதியிலுள்ள அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சு ஆட்சிக்கால மரச் சாமான்களும், அரிக்கமேட்டில் கிடைத்த தொல்பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வால் உலகத் தொல்லியலாளரின் கவனத்துக்கு வந்தது. இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்பு மெருகு மட்கலங்களும், மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலேற்றப்பட்ட இருபிடிச் சாடிகளான ஆம்போராக்களின் உடைசல்களும் அங்கே கிடைத்ததால், தென்னிந்திய மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்க ஓர் உறுதியான பிடிமானம் ஏற்பட்டது. பாடநூலில் ஒரு வரியாக மட்டுமே இதைப் படித்த பள்ளி மாணவர் அந்த ஓட்டுத்துண்டை நேரில் கண்டு படமெடுத்துச் சென்றால் இழப்பு யாருக்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை இதுவரை இல்லை. ஆயினும் கேமராவுடன் வருவோருக்கு இங்கே பெரும்பாலும் கிடைத்துவந்திருப்பது மறுப்பே.

மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒளி. ஒளி அரும்பொருளைச் சிதைக்கும் என்பது உண்மைதான் என்றாலும் எல்லாப் பொருளுக்கும் அது ஒரே அளவில் உண்மையன்று. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றின் சாயமும் நாரும் ஒளிபட்டு மங்குவதால், அவற்றின் மீது விழும் ஒளியை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுக்குள் நிறுத்துவது அருங்காட்சியகத் துறையின் நெடுநாள் வழக்கம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் வந்து விழும் ஒளியை அளக்கும் அலகு. ஆனால் வெண்கலமும் கருங்கல்லும் சுட்ட மண்ணும் அந்த வகையில் சேரா. கடற்காற்றின் உப்பீரம் ஒரு செப்புத் திருமேனிக்குச் செய்யக்கூடிய தீங்கை எந்தக் கேமராவும் செய்துவிட முடியாது. மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகப் படமெடுக்கும் கைப்பேசிகள் வந்துவிட்ட பிறகு, மின்னொளியையும் முக்காலியையும் மட்டும் விலக்கி, துணியும் காகிதமும் உள்ள பேழைகளைத் தனியே குறித்துவைத்தாலே பாதுகாப்பின் நோக்கம் நிறைவேறிவிடும்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது திருட்டிலிருந்து காப்பது. படங்கள் வெளியே போனால் திருடருக்கு வழிகாட்டும் என்ற அச்சம் அலுவலர்களிடையே இன்னும் இருக்கிறது. இதற்கான மறுமொழியைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஏனெனில் அதே செயின்ட் லூயி வீதியில்தான் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. அந்நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்துச் சேர்த்த தொகுப்பில் 1,30,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தின் அனந்தமங்கலம் இராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978-இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 2020-இல் லண்டனிலிருந்து மீட்கப்பட்டபோது, அவை அந்தக் கோயிலுக்கே உரியவை என்பதை நிலைநாட்ட உதவியது 1958-இல் இந்நிறுவனத்தார் எடுத்துவைத்த படமே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர், 2008-இல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் பல லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டு 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் திருப்பித் தரப்பட்டதிலும் இத்தொகுப்புக்குப் பங்குண்டு. திருட்டுச் சிலையை விற்பவர் எந்தக் கோயிலின் பெயரையும் சொல்வதில்லை, பழைய தனியார் சேகரிப்பிலிருந்து வந்ததென்று காகிதம் காட்டுவார். அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கப் பீடத்தின் வெடிப்பு, கைவிரலின் முறிவு, பின்புறத்து வார்ப்புக்குறை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டும் ஒரு பழைய படம் வேண்டும். படமெடுக்கப்பட்ட சிலைகளே திரும்பி வந்திருக்கின்றன. எடுக்கப்படாதவை எங்கே இருந்தாலும் உரிமை கோருவதற்கு வழியில்லாமல் இருக்கின்றன. ஒரே வீதியின் ஒரு கட்டடம் இதற்குச் சான்றாக நிற்க, மற்றொரு கட்டடம் கேமராவை வாசலிலேயே நிறுத்துவது விந்தைதான்.

புதுச்சேரிக்கு வருவோர் தேடி வந்து படமெடுக்கும் அழகு எந்த நாட்டின் சாயலோ, அந்த நாடு இவ்விவாதத்தை முன்பே நடத்தி முடித்துவிட்டது. பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகம் 2014-இல் அருங்காட்சியகங்களில் படமெடுப்போருக்கும் நிர்வாகத்துக்கும் பொதுவான நன்னடத்தைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. பல ஆண்டுகளாகத் தடையைக் கைவிடாதிருந்த பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகம், 2015 மார்ச்சில் பண்பாட்டு அமைச்சரே அங்கு எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டுவிட்ட சங்கடத்துக்குப் பின் தடையை நீக்கியது. இந்தியத் தொல்லியல் துறையும் 2018 ஜூலையில், அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மாடம் ஆகியவற்றைத் தவிர்த்து, தன் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் படமெடுக்க இசைவளித்தது. பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுத்து வெளியிடுவது உரிமை மீறலாகாது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் சொல்வதால், கடற்கரைக் காந்தி சிலைக்கோ ஆயி மண்டபத்துக்கோ எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

வீதிகளில் எடுக்கப்படும் படங்களைத் தற்படப் பித்து என்று ஏளனம் செய்வதும் எளிதாகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் நகராட்சி மன்றம் இயங்கிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று கடற்கரைச் சாலையில் நிற்பது 2021-இல் திறக்கப்பட்ட மறு உருவம். 1866-இல் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. அதற்குப் பின் கட்டப்பட்டுத் திரைப்படங்களில் பலமுறை தோன்றிய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. மணற்பரப்பும் இப்படியே போனது: அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டதால், நகரின் கடற்கரையும் அதன் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ஆகியவற்றின் கரையும் அரிக்கப்பட்டுக் கருங்கல் கொட்டப்பட்ட விளிம்பாயின. அந்த மணல் எவ்வளவு அகன்றிருந்தது என்பதற்குப் பழைய அஞ்சலட்டைகளும் பயணிகளின் படங்களும் சாட்சியாக இருக்கின்றன. தாம் ஓர் ஆவணத்தை உருவாக்குகிறோம் என்று நினைத்து அவர்களில் யாரும் கேமராவைத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

இத்தனையும் கட்டடத்துக்கும் சிலைக்கும் மணலுக்கும் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. குருசுக்குப்பத்தில் வீடும் தொழிற்களமும் ஒன்றே. வலை பழுது பார்ப்பதும், மீன் தரம் பிரிப்பதும், கருவாடு காயவைப்பதும், பிள்ளைக்குத் தலை வாருவதும் ஒரே வாசலில் நடப்பவை. கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு நடை மேலே வந்துவிட்ட பயணிக்கு இவை எல்லாம் வண்ணமயமான காட்சியாகத் தெரிவது இயல்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பர், வருமானம் அருகியிருக்கும்; அதே நாள்களில்தான் கோடை விடுமுறைக் கூட்டமும் கேமராக்களுடன் வந்து சேர்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்காக, அதாவது கடல் நீராட்டுக்காக, உற்சவமூர்த்திகள் எழுந்தருளும்போது படமெடுப்பதை யாரும் தவறென்று சொல்லப்போவதில்லை, ஏனெனில் அது ஊரே பார்க்கக் கூடும் விழா. வேலை நாள் காலையில் ஒருவரின் வாசற்படி அப்படிப்பட்டதன்று.

எதிர்பாரா நொடியைப் பிடிப்பதற்கே பெயர்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். பல்லாண்டுகளாகப் படமெடுக்கப்படாதிருந்த அரவிந்தரை அவர் படமெடுத்தது ஆசிரமத்தின் இசைவைக் கேட்டுப் பெற்ற பிறகே. அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்துவிட்டதால் அப்படங்களின் மதிப்பு மேலும் கூடியது. ஆசிரமம் இன்றும் முன் இசைவின்றித் தன் வளாகத்தினுள் படமெடுக்க விடுவதில்லை, பயணிகளும் அதை மறுபேச்சின்றி ஏற்று நடக்கிறார்கள். ஆசிரமம் அமைந்த மரீன் வீதியில் மதிக்கப்படும் அந்த உரிமை குப்பத்துக் குடும்பத்துக்கு மட்டும் கிடைக்காமல் போவதற்குச் சமயப் புனிதம் காரணமாக முடியாது. வாசலில் மதில் இல்லை, பலகை இல்லை, தடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே காரணம். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றுவிட்டபோதும், வாசலில் நிற்கும் பயணிக்கும் வாசலுக்கு உரியவருக்கும் இடையிலான நடைமுறை இன்றளவும் நாகரிகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது.

நாகரிகத்தை மட்டும் நம்பிய ஊர்கள் பிறகு கதவடைக்க நேர்ந்ததுண்டு. வண்ண வீடுகளுக்காகப் படமெடுக்கப்படும் பாரிஸின் கிரெமியு வீதியில் வசிப்போர், வார இறுதியில் தெருவை அடைக்க வாயிற்கதவு வேண்டுமென 2019-இல் மாநகராட்சியைக் கேட்டனர். சப்பானின் கியோத்தோ நகரில் கெய்ஷா கலைஞர்கள் வாழும் கியோன் பகுதி மக்கள் அதே ஆண்டில் தனியார் சந்துகளில் படமெடுப்போருக்குப் பத்தாயிரம் யென் அபராதம் அறிவித்து, அதுவும் போதாமல் 2024-இல் சில சந்துகளைப் பயணிகளுக்கு மூடினர். புதுச்சேரியின் ரொமேன் ரோலண்ட் வீதியும் சுய்ப்ரேன் வீதியும் அந்த நிலைக்கு வெகு தொலைவில் இல்லை. அங்குள்ள நெருக்கடிக்குத் தனிப் பயணியைவிடப் பெரிய காரணம் ப்ரீ-வெட்டிங் ஷூட் எனப்படும் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பும் ஆடை விளம்பரப் படப்பிடிப்பும் ஆகும். உடை மாற்றக் கூடாரம், ஒளித்தட்டு, உதவியாளர் என்று ஒரு குழுவே பிறர் வீட்டு வாசலை மணிக்கணக்கில் பிடித்துக்கொள்கிறது. திரைப்படக் குழுவினர் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தும்போது, அதே வீதியைக் கூலிக்குப் படமெடுக்கும் தொழிலுக்குப் பயன்படுத்துவோரும் நேரமும் இடமும் குறித்த அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்துவது நியாயமே. கையில் கைப்பேசியோடு நடந்து வருபவரிடம் ஒரு காசும் கேட்கலாகாது.

வசூலாகும் கட்டணத்தின் ஒரு பகுதி படமெடுக்கப்படும் பகுதியின் துப்புரவுக்கும் பராமரிப்புக்குமே செலவாக வேண்டும். இல்லையெனில் அது அரசின் கணக்கில் சேரும் இன்னொரு வரியாக மட்டுமே நிற்கும். குருசுக்குப்பத்துக்குத் தேவை தடையாணை அன்று, கேட்டபின் படமெடுக்கவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லும் பலகைகளும், அதையே தம் பயணிகளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பை விடுதிகள் மீதும் வழிகாட்டிகள் மீதும் சுமத்தும் நகராட்சி விதியும் ஆகும். முகம் கொடுக்க விரும்பும் மீனவர் இருப்பார், அதற்குப் பணம் கேட்பவரும் இருப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் இருப்பார். மூன்றையும் முடிவு செய்ய வேண்டியவர் அவரே.

எங்கெல்லாம் பலகை, எந்தச் சந்தில் படமே வேண்டாம் என்பதை முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தேர்வானோரின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் பல ஆண்டுகளாக நடத்தப்படாததால், குப்பத்தின் சார்பில் பேச வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத நிலை நீடித்துவந்திருக்கிறது. ஆகவே மீனவ ஊர்களில் தொழில் ஒழுங்கையும் திருவிழாவையும் பூசல்களையும் கவனிக்கும் மரபுவழி அமைப்பான ஊர்ப் பஞ்சாயத்தோடு நகராட்சி நேரடியாகப் பேச வேண்டும். அவ்வமைப்பில் பெண்களின் குரல் ஒலிப்பது அரிது என்பதால், கேமராவின் முன் அதிகம் அகப்படும் மீன் விற்கும் பெண்களிடம் தனியாகவும் கேட்டறிய வேண்டும். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் இந்தப் பேச்சு முடிந்தால் கோடைக் கூட்டம் வரும்போது பலகைகள் நடப்பட்டிருக்கும். அருங்காட்சியகத்துக்கோ ஓர் அலுவலக ஆணை போதும். அதற்குக் கோடை வரை காத்திருக்கத் தேவையில்லை.