காவற்காரன் போனான், கதவு திறக்கவில்லை



பொரளைச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். சென்ற மாதக் கடைசித் திங்கட்கிழமை எங்கள் ஏழு கணினிகளிலும் ஒரு இணையத்தளமும் திறக்கவில்லை. மின்னஞ்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் கட்டவேண்டிய நேரம் வேறு. இணைய நிறுவனத்துக்கு மூன்று தடவை அழைத்தோம். லைனில் பிழையில்லை என்றார்கள். அது உண்மைதான்.

கோளாறு எங்கள் கணினிகளிலேயே இருந்தது. தளங்களை வடிகட்டும் மென்பொருளின் உரிமம் முடிந்ததால் சனிக்கிழமை யாரோ அதை அழித்திருக்கிறார்கள். ஆனால் அது விண்டோஸின் 'ப்ரொக்ஸி' (இணையத்துக்கு இடையில் நிற்கும் வாசல்) அமைப்பில் எழுதிவைத்த 127.0.0.1 என்ற முகவரி அப்படியே கிடந்தது. அது அந்தக் கணினியையே குறிக்கும் எண். காவற்காரன் வேலையை விட்டுப் போன வாசலில் பிரவுசர் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. அந்த ப்ரொக்ஸி ஆளியை அணைக்க அரை நிமிடம். கண்டுபிடிக்க ஒன்றரை நாள்!

2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது தடையைத் தாண்ட மதியத்துக்குள் வீபீஎன் போட்டுக்கொண்டவர்கள்தான் நாங்கள். ஆனால் சொந்த மேசைக் கணினியில் ப்ரொக்ஸி எங்கே இருக்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை.

அலுவலகத்தில் வடிகட்டும் மென்பொருள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதைப் போடும் முதலாளிமாரே, எந்த மென்பொருள், யாரை அழைப்பது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

வாசகர்,
பொரளை