சிவப்புக் கோட்டுக்கு அப்பால்

திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும், வீட்டின் அறையொன்றில் இருந்தபடியே கொழும்பிலோ லண்டனிலோ உள்ள கம்பனிக்குக் கணினியில் வேலை செய்யும் பிள்ளைகள் நல்லூர்ப் பிரதேசத்தில் இன்று புதுமையல்லர். மாலையில் வேலைக்கு அமர்ந்து நடுநிசியில் எழும்பும் மகளைக் கண்டு, 'இதுவும் ஓர் உத்தியோகமோ?' என்று ஐயுற்ற பெற்றோரும், மாதந் தவறாமல் சம்பளம் வங்கிக்கு வரக் கண்டபின் மௌனமாயினர். தொழில் மாறிவிட்டது. மாறாதிருப்பது, தொழில் செய்வோரை நடத்துவோரின் மனோபாவம்.

அம்மனோபாவம் எங்கிருந்து வந்ததென்பது இரகசியமன்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழி சொல்லி வளர்ந்த சமூகம் நமது. கச்சேரியில் லிகிதராகப் புகுந்து, சேவைமூப்பினாற் படிப்படியாக உயர்ந்து, பெரிய கதிரையில் அமர்ந்தவரே நமக்குத் தலைவர். வரவு இடாப்பிற் சிவப்புக் கோடு கிழித்து, பிந்தி வந்தவரை அதன் கீழே ஒப்பமிடச் செய்வதே அவரது நிர்வாகத் திறமை. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்த 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும், ஊழியரைக் காக்கும் நன்னோக்குடையதேயாயினும், காலையிற் கதவு திறந்து மாலையிற் பூட்டும் கடையொன்றையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டது.

எரிபொருளின்றி நாடு முடங்கிய 2022 இல், அரசாங்கமே தன் உத்தியோகத்தரை இயன்றவரை வீட்டிலிருந்து பணிபுரியுமாறு பணித்தது. பெற்றோல் வந்ததும் அவ்வநுபவம் மறந்துபோயிற்று. 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர் நடத்திய வேலைநிறுத்தத்தில், மேலதிக நேரத்துக்கு இயந்திரத்திற் கைவிரல் அடையாளம் பதிவதும் ஒரு பிணக்காயிருந்தது. பொதுப்பணத்திற் கொடுக்கப்படும் மேலதிக வேதனத்துக்குக் கணக்கு வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், இன்னார் வந்தார் என்று சொல்லவல்ல அவ்வியந்திரம், கடிதம் உரிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லமாட்டாது.

கண்காணிப்பு நீங்கினாற் கட்டுப்பாடு குலையும் என்பாருக்கு, நல்லூரார் ஒருவரின் சரித்திரமே தக்க விடையாகும். 1822 இல் இங்கு பிறந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்து, 1848 இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பழைய திண்ணைப் பள்ளியை அப்படியே அவர் தொடர்ந்திருந்தாற் குறைகூறுவார் இருந்திரார். அவரோ, தாம் எதிர்த்து நின்ற மிஷனரிமாரிடமிருந்தே பாடசாலை நடத்தும் முறையையும் அச்சுத் தொழிலின் பயனையும் கண்டறிந்து தமதாக்கிக்கொண்டு, 1849 இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரங் கொணர்ந்து, மாணவர் தரத்துக்கேற்பப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். அதன்பின் நெடுங்காலம் சென்னையிலும் சிதம்பரத்திலும் அவர் தங்கியிருந்தபோதும் வண்ணார்பண்ணையில் வித்தியாசாலை நடந்தது. இன்ன பாடம் இன்னவாறு நடக்கவேண்டும் என்பது நூலிலே இருந்தது, அதனை நடத்தவல்லவர்களை அவர் முன்னரே பயிற்றியும் வைத்திருந்தார். மென்மையான தலைவரென்று நாவலரை ஒருவருஞ் சொல்லார். சாதி விஷயத்தில் அவர் கொண்டிருந்த கொள்கை நமக்கு உடன்பாடுமன்று. ஆனால், தலைவர் கண்ணெதிரே இல்லாத நாளிலும் காரியம் நடப்பதற்கு வழிசெய்வதே தலைமை என்பதனை, அக்காலத்திலேயே அவர் செய்துகாட்டினார்.

பழைய கதிரை முகாமையாளரைக் கண்டிக்கும் நாம், அவருக்குப் பதிலாக இப்பொழுது தோன்றியிருப்பவரையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளோம். இவர் இடாப்புப் பார்ப்பதில்லை. 'உங்கள் வசதிப்படி செய்யுங்கள்' என்பார். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பிற் கட்டளை அனுப்பி, நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் விழுந்தும் பதில் வராவிடின், விடியுமுன் காரணங் கேட்பார். முன்னையவரின் அதிகாரம் ஐந்து மணியோடு முடிந்தது. இவருடையதோ ஊழியரின் படுக்கையறை வரை போகிறது. இரண்டில் எது கொடிதென்று கேட்டால், பின்னையதே என்போம்.

இன்னுமொன்று. பெரியவர் பேசினால் இளையவர் கைகட்டி நிற்பது வீட்டிலும் கோயிலிலும் அழகாயிருக்கலாம். இருபத்துநான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த கணினி நுட்பம் ஐம்பது வயது முகாமையாளருக்குத் தெரியாத இடத்தில், அம்மௌனம் நட்டத்தையே தரும். திட்டம் பிழையென்று அறிந்தும், 'சேர் சொன்னால் சரி' என்று இருந்துவிடும் கூட்டங்கள் நம்மிடையே எத்தனை! யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012 முதல் நடத்திவந்த யாழ் கீக் சலஞ் போன்ற போட்டிகளில் இளையோர் தம் எண்ணத்தைத் துணிந்து எடுத்துரைக்கின்றனர். அதே இளையோர் வேலைக்குச் சேர்ந்தபின் வாயடைத்துப்போவாராயின், குற்றம் அவர்களுடையதன்று. தமக்குத் தெரியாததைத் தம்மிலும் இளையவரிடம் சபையிலேயே கேட்கக் கூசாதவரையே இனி முகாமையாளராக நியமித்தல் வேண்டும். சேவைமூப்பு மாத்திரம் அதற்குப் போதாது.

1954 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலிருந்து பணிபுரிவோரின் வேலை நேரத்தையும், அந்நேரம் முடிந்தபின் அழைப்புக்கு விடையளியாதிருக்கும் உரிமையையும் வெளிப்படையாகக் கூறும்படி திருத்தப்படல் வேண்டும். திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம், தன் மாணவருக்குக் கற்பிப்பதனை ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களையும் சிறு கம்பனி முதலாளிமாரையும் அழைத்துச் சொல்லுமாயின் பேருபகாரமாகும். சட்டத் திருத்தம் எப்பொழுது வரும் என்பது கொழும்பைப் பொறுத்தது. எந்த வேலையை, எந்நாளுக்குள், எத்தரத்தில் முடிக்கவேண்டும், எந்நேரத்தின் பின் தொந்தரவு செய்யப்படமாட்டாது என்பதனை ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு தாளில் எழுதிக்கொடுப்பதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. நல்லூரிலுள்ள முதலாளிமார் அதனை இந்த மாதமே செய்யலாம்.